கல்யாணப் பெண்ணிடம் சொல்லாத புகார்கள்

சரண்யா,

போனிலேயே சொல்லியிருக்கலாம். நேற்றுக்கூட நீ பேசினாய். பத்திரிகையில் யார் பெயரை முதலில் போடுவது என்று கேட்டாய், நானும் பதில் சொன்னேன். சொல்ல வேண்டியதை மட்டும் சொல்லவில்லை. உன் அம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணம், இந்த விஷயத்தைக் கல்யாணம் நிச்சயமான பெண்ணின் காதில் போட நம் தெருவில் யாருக்கும் வாய் வராது. எனக்கும் வரவில்லை. எழுதக் கூடாது என்று மட்டும் இதுவரை யாரும் சொன்னதில்லை. நம் பெரியவர்களில் பலருக்கு எழுதத் தெரியாததால் அதைத் தடுக்க யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. போன வருஷம் வரை எனக்கும் தெரியாது. இப்போது தெரியும். அதனால் எழுதுகிறேன்.

இதற்கு முன் நான் எழுதியதெல்லாம் மளிகைச் சாமான் பெயர்களும், முதியோர் வகுப்பில் டீச்சர் சொல்லச் சொல்ல எழுதிய நாலைந்து வரிகளும்தான். இவ்வளவு நீளமாக எழுதுவது இதுவே முதல் தடவை. காலையில் கை களைக்காமல் இருக்கும்போது கொஞ்சம் எழுதுகிறேன், விரல் வலித்ததும் மூடி வைத்துவிடுகிறேன். ஒரு வரி முடிந்ததும் திரும்பிப் படித்துப் பார்க்கிறேன். நான் மனசில் நினைத்தது அப்படியே காகிதத்தில் உட்கார்ந்திருக்கிறது. எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்து பார்த்தாலும் அங்கேயே இருக்கிறது. இந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் தீரவில்லை. சிரிப்பு வருகிறது. பிறகு என்ன எழுதியிருக்கிறேன் என்று நினைத்ததும் காகிதத்தைக் கவிழ்த்து வைக்கிறேன். இந்தக் கடிதத்தை மாப்பிள்ளை படிக்கலாம். உன் ஆய்வுக்கு வழிகாட்டுகிற கைடு அம்மா படிக்கலாம். ஒளித்து வைத்துப் படிக்க வேண்டிய விஷயம் இதில் இல்லை. ஒளித்தது போதும்.

விஷயம் இதுதான். தை மாதத்திலிருந்து நம் தறி வீடுகளில் புகார் குறைந்துவிட்டது, புது சாஃப்ட்வேர் எழுதிய முறை நல்ல முறை, அதற்கு இதுவே ஆதாரம் என்று உன் ஆய்வில் எழுதி வைத்திருக்கிறாய். அந்தப் புகார்கள் தறி மேலிருக்கிற கம்ப்யூட்டர் பொட்டி சரியாக வேலை செய்ததால் குறைந்தனவா, இல்லை உனக்குக் கல்யாணம் நிச்சயமானதால் யாரும் வாயைத் திறக்கவில்லையா என்று எனக்கு இப்போது தெரியவில்லை. அடுத்த மாதம் நீ அதைக் கல்லூரியில் கொடுக்கப் போகிறாய். அதை நம்பித்தான் ஜெர்மனியில் உனக்கு வேலை தருகிறார்கள். எனக்குப் பயமாக இருக்கிறது.

நீ முதலில் இந்த ஆய்வைத் தெருவுக்குக் கொண்டுவந்த நாளை நினைத்துக்கொள்கிறேன். தறிக்கு மேலே கம்ப்யூட்டர் பொட்டி மாட்டியிருந்த வீட்டுக்காரர்களை எல்லாம் தணிகாசலம் வீட்டில் உட்கார வைத்துப் பேசினாய். சேலைக் கரையிலே வருகிற அன்னமும் மயிலும் எந்த இழையைத் தூக்கினால் விழும் என்று பொட்டிக்குச் சொல்வது சாஃப்ட்வேர். அதைப் பல பேர் சேர்ந்து எழுதுகிறார்கள். முதலில் எழுதி முடித்துவிட்டுப் பிறகு சோதிப்பது ஒரு முறை. எப்படிச் சோதிப்பது என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு, அந்தச் சோதனையில் தேறும்படி எழுதுவது இன்னொரு முறை. இரண்டாவது முறையில் தப்பு குறையும் என்று பெரிய பெரிய ஆட்கள் சொல்கிறார்கள், ஆனால் நிஜமாகவே குறைகிறதா என்று பார்க்க வேண்டும், அதுதான் என் ஆய்வு என்றாய். தணிகாசலம் குறுக்கே கேட்டான்.

“பெரிய ஆளுங்களே சொல்லிட்டாங்க, அப்புறம் நீ இன்னாத்தக் கண்டுபிடிக்கப் போற?”

“அதான் மாமா எங்க தொழில்ல இருக்கிற வியாதி. யாரு சத்தமா சொல்றாங்களோ அது உண்மை ஆயிடுது. தெரியும்னு சொன்னா போதாது. எப்படித் தெரியும்னு காட்டணும்.”

அப்போதுதான் நீ பாதி வீட்டுக்குப் பழைய முறையில் எழுதியது, பாதி வீட்டுக்குப் புது முறையில் எழுதியது என்று சீட்டுக் குலுக்கிப் போட்டுக் கொடுக்கிறேன் என்றாய். யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது என்றாய். ஒரே கூச்சல். “பாப்பா, ஒரே தெருவுல ஒரு ஊட்டுக்கு நல்லது, ஒரு ஊட்டுக்குக் கெட்டதா? நாளைக்கு ஒருத்தன் தறி ஓடும், ஒருத்தன் தறி நிக்கும், அப்புறம் நாங்க மூஞ்சில மூஞ்சி முழிக்கிறதா வேணாமா?” என்று கேட்டார்கள். எது நல்லது, எது கெட்டது என்றே தெரியாது, தெரிந்துகொள்ளத்தான் இது என்று நீ எவ்வளவோ சொன்னாய். விளங்கவில்லை. எனக்கும் விளங்கவில்லை, நானும் அவர்களோடு சேர்ந்து தலையை ஆட்டினேன். கடைசியில் நீ விட்டுக்கொடுத்தாய். எல்லா வீட்டுக்கும் முதலில் பழையது, தைக்குப் பிறகு எல்லா வீட்டுக்கும் புதியது என்று முடிவானது. சென்னைக்குத் திரும்பிப் போகும்போது பஸ் ஸ்டாண்டில் நீ ஒன்று சொன்னாய். “இப்படிச் செஞ்சா நடுவுல வேற ஏதாவது மாறிட்டா கண்டுபிடிக்க முடியாதுப்பா.” நம் தெருவில் என்ன மாறப் போகிறது என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அன்று பஸ் வரும்வரை நீ எனக்குச் சொல்லிக்கொடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. தூரத்தில் நாதஸ்வரம் கேட்டது. “சாமி புறப்பாடு” என்றேன். “எப்படித் தெரியும்?” என்று கேட்டாய். மேளம் கேட்கிறதே என்றேன். “கல்யாண ஊர்வலமா இருக்கக் கூடாதாப்பா?” என்றாய். இருக்கலாம்தான். ஒன்றைப் பார்த்ததும் மனசு ஒரு காரணத்தைப் பிடித்துக்கொள்கிறது, அந்தக் காரணம் பொருத்தமாக இருப்பதாலேயே அதுதான் காரணம் என்று ஆகிவிடாது, வேறு என்ன காரணம் இருக்கலாம் என்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்துத் தள்ளினால்தான் முதல் காரணம் நிற்கும் என்றாய். அன்று அது சாமியா கல்யாணமா என்று பார்ப்பதற்குள் உன் பஸ் வந்துவிட்டது.

முதல் ஆறேழு மாதம் உனக்குப் போன் வந்துகொண்டே இருந்தது. பொட்டி பாதியில் நின்றுவிட்டது, தூக்கக் கூடாத இழையைத் தூக்கிவிட்டது, இழைகள் உரசி அறுந்துவிட்டன என்று காலையும் மாலையும் சொல்லிக்கொண்டிருந்தார்கள். பொட்டிக்கு நடப்பு டிசைன் மட்டும்தான் ஞாபகம் இருக்கும், நின்றதையும் தப்பினதையும் அது வைத்துக்கொள்ளாது, அதனால் நெசவாளர் வாய்தான் எனக்குச் சாட்சி என்று சொல்வாய். சொந்தத் தெருப் பெண் கேட்டால் கூச்சப்படாமல் சொல்வார்கள் என்று உன் கைடு அம்மாவும் சந்தோஷப்பட்டாராம். பிறகு தை வந்தது. நிச்சயதார்த்தம் நடந்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் நீயும் அம்மாவும் போய் வெற்றிலை பாக்கும் இனிப்பும் கொடுத்துவிட்டு வந்தீர்கள். அடுத்த வாரம் எல்லாத் தறிக்கும் புது சாஃப்ட்வேர் ஏற்றினாய். மாசியில் ஒரு நாள் போனில் உன் குரல் அப்படித் துள்ளியது. “அப்பா, புகாரே வர்றதில்லப்பா! நம்ம நெனச்சது சரிதான்!” நான் வகுப்புக்குப் போய் டீச்சரிடமும் கூட இருந்த எல்லாரிடமும் சொன்னேன். என் மகள் கண்டுபிடித்துவிட்டாள் என்றேன்.

அதே நாட்களில் எனக்கு வேலையும் கூடியது. தறியில் கட்டிய பாவில் அறுந்த இழைகளை முறுக்கி இணைத்துக் கொடுக்க இந்த வீட்டிலிருந்தும் அந்த வீட்டிலிருந்தும் கூப்பிட்டார்கள். கண் ஆபரேஷன் நன்றாக நடந்தது தெரிந்து மறுபடி என்னைத் தேடுகிறார்கள் என்று நினைத்து மகிழ்ந்துபோனேன். உன் அம்மாவிடம் பெருமை அடித்துக்கொண்டேன். இழை ஏன் இத்தனை அறுகிறது என்று ஒரு வீட்டிலும் நான் கேட்கவில்லை. எனக்குப் பிடித்த காரணம் கையில் இருந்தது, வேறு காரணத்தைத் தேட மனசு வரவில்லை. உன் மேல் தப்பு என்று சொல்ல வரவில்லை அம்மா. நீ சென்னையில் இருந்தாய். நான் இங்கேயே இருந்தேன்.

போன வாரம்தான் விழித்தேன். விழிக்க வைத்தது எதிர்வீட்டு ராஜாத்தி. நம் வீட்டுத் தண்ணீர் அவள் வாசலில் தேங்குகிறது என்று நமக்கும் அவர்களுக்கும் பேச்சுவார்த்தை இல்லாதது உனக்குத் தெரியும். காலையில் குழாயடியில் குடம் நிரம்பும் வரை சுவரில் ஒட்டியிருந்த போஸ்டரை எழுத்துக் கூட்டிப் படித்துக்கொண்டிருந்தேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

“செவுத்துல எழுதி இருக்கிறதெல்லாம் படிக்கிறாரு. ஊட்டுத் தண்ணி எங்க வாசல்ல நின்னுக்கினு இருக்குது, அது மட்டும் கண்ணுக்குத் தெரியல. ஆபரேசன் ஒரு கண்ணுக்குத்தான் ஆச்சோ இன்னாவோ.”

“காலங்காத்தால ஆரம்பிக்காதம்மா. பொண்ணுக்குக் கல்யாணம் வெச்சிருக்கிறோம். நல்ல வார்த்தையா பேசு.”

“அதானே! கல்யாணம் கல்யாணம்னு சொல்லியே தெரு வாயக் கட்டிட்டீங்க. அந்தப் பொட்டிய வெச்சிக்கினு அவனவன் அழுவுறான். எங்க தறில நேத்து ஒரு கொத்து இழ அறுந்துது. போன் பண்ணி உம் பொண்ண நாலு கேக்கலாம்னு எடுத்தா, எங்க ஊட்டுக்காரரு கையப் புடிக்கிறாரு. தாலி கட்டிக்கப் போற பொண்ணு, அதுகிட்டப் போயி அறுந்துதுன்னு சொல்லாதடீன்றாரு. நான் இழையப் பாக்கட்டா, உம் பொண்ணு சகுனத்தப் பாக்கட்டா?”

குடம் நிரம்பி வழிந்தது. நான் குழாயை மூடவில்லை. “தண்ணியாவது மூடுங்க பெரியவரே” என்று அவளே வந்து மூடினாள்.

நேராகத் தணிகாசலம் வீட்டுக்குப் போனேன். தறியில் உட்கார்ந்திருந்தவன் எழுந்து வந்து காப்பி போடச் சொன்னான். நான் காப்பி வேண்டாம், ஒரு கேள்விக்குப் பதில் சொல் என்றேன்.

“தைக்கு அப்புறம் உன் தறில எத்தினி தபா இழ அறுந்துது?”

“ண்ணா, இன்னா வார்த்த பேசுற? பொண்ணப் பெத்தவரு நீ. இன்னும் பந்தக்கால் கூட நடல.”

“சரி, சொல்லல. எத்தினி தபா அது ஆச்சு?”

“அப்பப்ப ஆவுது. வெயிலு வேற ஏறிக்கினு போவுது, பட்டு காஞ்சி போயி...”

“வெயிலா, பொட்டியா?”

“அத்த எப்படிண்ணா பிரிக்கிறது? அறுந்த இழைங்க வந்து நான் வெயில்ல அறுந்தேன், நான் பொட்டில அறுந்தேன்னு... ச்சே, பாத்தியா, என் வாய்லயே வர வெச்சிட்ட.” கன்னத்தில் போட்டுக்கொண்டான். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து மெதுவாகச் சொன்னான். “பாப்பா போன் பண்ணி, ‘மாமா எல்லாம் சரியா ஓடுதா’ன்னு கேக்குது. அதே வாயால, ‘மண்டபம் பாத்தாச்சு மாமா, நீங்கதான் முன்னாடி நிக்கணும்’னுது. நான் இன்னான்னு சொல்லுவேன்? நல்லா ஓடுதும்மா, நீ நல்லா இருன்னேன். தப்பாண்ணா?”

நான் அவன் இடத்தில் இருந்தாலும் அதையே சொல்லியிருப்பேன். கழுத்தில் கயிறு ஏறப் போகிற பெண்ணிடம் இழை அறுந்த சேதியைக் கொண்டு போகக் கூடாது என்பது நம் தெருவில் யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுத்த பாடம் இல்லை. அப்படித்தான் இருந்துகொண்டிருக்கிறோம். பாவே வீணானால்கூடக் கல்யாணப் பெண் வீட்டைத் தாண்டிப் போகும்போது குரலைத் தாழ்த்துவோம். உன் மேல் இருக்கிற பிரியத்தால்தான் இது நடந்திருக்கிறது. பிரியத்தால் நடந்தது என்பதால்தான் எனக்கு இவ்வளவு பயம். கோபத்தில் மறைப்பவர்களைக் கேட்டு வாங்கிவிடலாம். பிரியத்தில் மறைப்பவர்களிடம் எதைக் கேட்பது?

அன்று எல்லாமே பொய் என்று முடிவு கட்டிவிட்டேன். உன் ஆய்வு முழுக்கப் போய்விட்டது என்று நினைத்து, நடு வீட்டில் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். மறுநாள்தான் உன் நாதஸ்வரம் ஞாபகம் வந்தது. ராஜாத்தி ஒரு வாய், தணிகாசலம் ஒரு வாய். இந்த இரண்டை வைத்துக்கொண்டு எல்லா வீட்டுக்கும் சேர்த்து நான் எப்படித் தீர்ப்பு சொன்னேன்? ராஜாத்திக்கு நம்மைக் கண்டால் ஆகாது, ஒன்று அறுந்தால் ஒரு கொத்து என்பாள். தணிகாசலத்துக்கு நம் மேல் உயிர், ஒரு கொத்து அறுந்தால் அப்பப்ப என்பான். நடுவில் எங்கேயோ உண்மை இருக்கிறது. அது சரிபாதியில் இருக்கும் என்பதற்கும் ஆதாரம் இல்லை. வெயில் வேறு இருக்கிறது. நீ பழைய சாஃப்ட்வேரை ஏற்றியிருந்தது மழைக்காலத்திலும் பனிக்காலத்திலும். புதியது பெரும்பாலும் வெயிலில் ஓடுகிறது. அப்படியானால் புதியது நிஜமாகவே நல்லதாக இருந்து, வெயில் அதன் பெயரைக் கெடுத்துக்கொண்டிருக்கவும் கூடும் அல்லவா? இப்படி யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. நீ இத்தனை வருஷமாக இதையா செய்துகொண்டிருந்தாய் என்று நினைத்தேன். நான் ஏதோ கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து தட்டிக்கொண்டிருக்கிறாய் என்றுதான் இருந்தேன்.

சரி, மற்ற வீடுகளிலும் கேட்டுவிடலாம் என்று கிளம்பினேன். பக்கத்து ஊர் முசரவாக்கத்தில் உன் சாஃப்ட்வேர் ஓடுகிற வீடு இருக்கிறதே, அந்த வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்ததும் பாய் விரித்தாள், கையில் கற்கண்டு கொடுத்தாள். பொட்டி எப்படி ஓடுகிறது என்றேன். “சத்தியமா ஒரு கொறையும் இல்லீங்க” என்றாள். வெயிலுக்காவது இழை ஏதாவது என்று இழுத்தேன். “எல்லாம் நல்லபடியா நடக்குங்க, ஆண்டவன் இருக்கிறான்” என்றாள். அவள் பொட்டியைப் பற்றிச் சொன்னாளா, உன் கல்யாணத்தைப் பற்றிச் சொன்னாளா என்று எனக்குத் தெரியவில்லை. அவள் தறியில் நிஜமாகவே குறை இல்லாமல் இருக்கலாம். ஆனால் கேட்டவன் பெண்ணைப் பெற்றவன். நீ கேட்டாலும் இதே பதில்தான், நான் கேட்டாலும் இதே பதில்தான். கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். வேறு வீட்டுக்குப் போகவில்லை. உன் கழுத்தில் தாலி ஏறும் வரை, நம் வீட்டு ஆள் யார் கேட்டாலும் எந்தத் தெருவிலும் எதையும் தெரிந்துகொள்ள முடியாது. எனக்கு உறுதியாகத் தெரிந்தது அது ஒன்றுதான்.

உன் அம்மாவிடம் அன்று சாயங்காலம் சொன்னேன். அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

“இத்த அவகிட்ட சொல்லப் போறியா?”

“சொல்லாம எப்படி?”

“தாலி ஏறட்டும். அப்புறம் எத்த வேணா சொல்லிக்கோ.”

“அதுக்கு முன்னாடியே கல்லூரில குடுத்துடுவாளே.”

“குடுக்கட்டும். ஆமா, குடுக்கட்டும்! இவ்ளோ படிச்சி, கண்ணு போயி, கல்யாணத்தக் கூட தள்ளிப் போட்டு முடிச்சிருக்குது. இப்ப போயி இல்லம்மா, தப்பும்மான்னா? மாப்ள ஊட்ல இன்னா நெனப்பாங்க? வேல போச்சின்னா? நீ எழுத்துக் கத்துக்கினதுக்கு எம் பொண்ணு தலையிலதான் எழுதணுமா?”

அவள் பயந்ததெல்லாம் எனக்கும் பயம்தான். ஜெர்மனியில் உனக்காக யாரும் காத்திருக்க மாட்டார்கள் என்று தெரியும். உன் கைடு அம்மா முகம் சுளிக்கலாம். மாப்பிள்ளை நல்ல பிள்ளை, ஆனால் அவர் வீட்டில் எல்லாரும் எப்படி என்று யாருக்குத் தெரியும்? இரண்டு நாள் நான் இந்தக் காகிதத்தைத் தொடவே இல்லை. சொல்லாமல் விட்டால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். நீ பெரிய அறையில் நாலைந்து படித்தவர்கள் முன்னால் நிற்கிறாய். அவர்களில் ஒருவர், “புகார் குறைந்ததற்கு வேறு காரணம் இருக்கக் கூடாதா?” என்று கேட்கிறார். உனக்கு அப்போதுதான் உறைக்கிறது. அதை நினைத்தால் எனக்கு வேர்க்கிறது. ஆனால் அதைவிட என்னை உலுக்கியது இன்னொன்று. அவர்கள் கேட்காமலே விட்டுவிட்டால்? கை தட்டிவிட்டால்? இது அச்சாகி வந்துவிட்டால்?

சரண்யா, நான் படிக்கக் கற்றுக்கொண்டு கொஞ்ச நாள்தான் ஆகிறது. உனக்கு ஒன்று சொல்கிறேன், சிரிக்காதே. அச்சில் எது இருந்தாலும் நான் நம்பிவிடுகிறேன். சோப்பு உறையில் எழுதியிருப்பதை நம்புகிறேன். சுவரில் ஒட்டியிருப்பதை நம்புகிறேன். செவிலிமேடு என்று போர்டு போட்ட பஸ் செவிலிமேட்டுக்குத்தான் போகிறது, அப்படியே எல்லா எழுத்தும் தான் சொன்ன இடத்துக்குப் போகும் என்று இருக்கிறேன். வாயால் சொல்கிறவனைப் பார்த்து, இவன் குடித்திருக்கிறானா, கோபத்தில் இருக்கிறானா, நம்மிடம் காரியம் ஆக வேண்டியிருக்கிறதா என்று எடை போட எனக்கு இத்தனை வருஷப் பழக்கம் இருக்கிறது. எழுத்தை எடை போட ஒரு வழியும் தெரியாது. அதற்கு முகம் இல்லை. நீ எழுதுவதை ஏதோ ஓர் ஊரில் யாரோ படிப்பார்கள். உன்னைவிடச் சின்னப் பெண்ணாக இருப்பாள். காஞ்சிபுரத்துத் தறிகளில் பார்த்தாயிற்று, தப்பு குறைந்தது, அதனால் இந்த முறை நல்லது என்று எடுத்துக்கொண்டு அதன் மேல் இன்னொன்றைக் கட்டுவாள். அந்த ஆய்வு நடக்கும்போது அதைச் செய்த பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது, தெருவே வாயை மூடிக்கொண்டிருந்தது என்று அவளுக்கு யார் சொல்வார்கள்? இதை நினைத்ததும்தான் பேனாவை மறுபடி எடுத்தேன்.

நீ என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது. தள்ளிப்போடு என்று சொல்லும் தைரியமும் எனக்கு இல்லை, அப்படியே கொடுத்துவிடு என்று சொல்லும் தைரியமும் இல்லை. நம்மைத் தெரியாத, கல்யாணத்துக்கு அழைக்காத யாரையாவது அனுப்பிக் கேட்க வைக்கலாமோ? தெரிந்தது இது, தெரியாதது இது என்று எழுதிக் கொடுத்தால் ஏற்றுக்கொள்வார்களோ? உனக்குத்தான் தெரியும். ஒன்று மட்டும் சொல்கிறேன். உன் முறை நல்ல முறையாகவே இருக்கலாம். அது பொய் என்று நான் சொல்லவில்லை. நமக்கு இன்னும் தெரியாது என்று மட்டும் சொல்கிறேன். ஜெர்மனி வேலை போனாலும் நம் வீட்டில் சோறு இருக்கிறது, உன் அறை அப்படியே இருக்கிறது.

இவ்வளவும் எழுதி முடித்து, அம்மாவுக்குத் தெரியாமல் தபாலில் போட மனசு வரவில்லை. அவள் தடுத்தாலும் அவளுக்குத் தெரிந்துதான் போக வேண்டும் என்று, இன்று காலை தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து மெதுவாகப் படித்துக் காட்டினேன். நானே எழுதியதை ஒருவருக்குப் படித்துக் காட்டுவது எனக்கு இதுதான் முதல் முறை. இழை அறுந்தது என்ற இடம் வந்தபோதெல்லாம் அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் அரிசி புடைத்தபடி சொன்னதை நான் எழுதியிருந்த இடத்தில், “இத்தயும் எழுதிட்டியா?” என்று மட்டும் கேட்டாள். முசரவாக்கம் வந்தபோது தலையைக் குனிந்துகொண்டாள். படித்து முடித்தேன். அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிற சத்தம் கேட்டது, அவள் எழுந்திருக்கவில்லை.

“அடுத்தவங்க ஊட்லலாம் போயிக் கேட்டியே” என்றாள். “நம்ம ஊட்ல கேட்டியா?”

எனக்கு விளங்கவில்லை. நான் பகலெல்லாம் வெளியே இழை இணைக்கப் போய்விடுகிறேன், நம் தறியில் உட்காருவது அவள்தான், அதன் மேலும் உன் சாஃப்ட்வேர் ஓடுகிற பொட்டிதான் இருக்கிறது. அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். நீ தினமும் போனில், “அம்மா, பொட்டி நல்லா இருக்குதா?” என்று கேட்டபோதெல்லாம் இருக்குதும்மா என்று சொன்னவளும் அவள்தான். அறுந்ததை எல்லாம் நான் வீடு திரும்புவதற்குள் தணிகாசலம் பெண்டாட்டியைக் கூப்பிட்டு இணைத்துவிட்டிருக்கிறாள். என்னிடம் கூடச் சொல்லவில்லை. சொன்னால் நான் உன்னிடம் சொல்லிவிடுவேன் என்று பயம். நான் கடிதத்தை மடிக்கப் போனேன். கையைப் பிடித்தாள்.

“மடிக்காத. நான் சொல்றத எழுது. நான் சொல்றாப்பலயே எழுது.”

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். ஒவ்வொரு வார்த்தைக்கும் அவள் நிறுத்தி, நான் எழுதி முடித்தேனா என்று பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“பாப்பா, அம்மா பேசுறேன். நம்ம தறில இழ அறுந்துது. நெறய தபா அறுந்துது. நான் எண்ணல. வெயிலுக்கு அறுந்துதா, பொட்டிக்கு அறுந்துதான்னும் பாக்கல. பயந்துக்கினு மூடி வெச்சேன். இன்னைலருந்து பாத்து, எண்ணிச் சொல்றேன். நீ கேளு.”